பாதிரியார் பாறைக்கு இடப்பக்கம்

இத்தாலிய மலையூரான வால்செரேனாவுக்கு மனிதர்கள் பனியில் சறுக்க வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் ஃபுல்வியாவுக்குச் சிரிப்பு வரும். சறுக்குகிறவர்களும் வருகிறார்கள்தான். விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, சாண்ட்விச்சைப் பைக்குள் திணித்துக்கொண்டு, நாள் முழுக்க விழுந்து எழுந்து, மாலையில் அதே பஸ்ஸில் ஊர் திரும்புகிற கூட்டம் அது. பெரிய ஓட்டலில் தங்குகிறவர்கள் அந்தக் கூட்டத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இவர்கள் வெயில் ஏறிய பிறகு எழுந்து, போன வருடத்து நிறம் எந்த மூலையிலும் தென்படாத புது உடுப்பை மாட்டிக்கொண்டு, சறுக்குப் பலகைகளைத் தோளில் சாத்தி, ரோப் காரில் மேலே போவார்கள். மலைவிடுதியின் மரத்தளத்தில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டுவார்கள். பலகைகள் பக்கத்துப் பனியில் வேலிக்கம்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். மான்கறிக் குழம்பும் சோளக்களியும் சாப்பிட்டு, மேலே நுரை தள்ளும் முட்டைச் சாராயத்தைச் சூடாகக் குடித்துவிட்டு, பலகைகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அதே ரோப் காரில் கீழே வருவார்கள். அந்தப் பலகைகளின் அடிப்பக்கம் கடையிலிருந்து வந்த மேனிக்குப் பளபளவென்று இருக்கும்.

மலைவிடுதிக்குக் கீழே ஒரு செங்குத்தான சரிவு உண்டு. பாதிவழியில் பாதிரியார் பாறை என்று ஒரு கரும்பாறை நிற்கிறது. சரிவு அங்கே இரண்டாகப் பிரிந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றாகிறது. மாலையில் ஓட்டல் பாரில் கூடுகிற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

"இடமா, வலமா?"

"இடம்தான். வலப்பக்கம் பனி நல்லா இல்ல."

அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை. கேட்டவனும் போகவில்லை, சொன்னவனும் போகவில்லை என்பது இருவருக்கும் தெரியும். தெரியும் என்பது தெரியாத மாதிரி இருப்பதற்குப் பெயர்தான் நல்ல குடும்பத்தில் பிறப்பது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஃபுல்வியாவுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அந்தக் கேள்விக்கு மிக அழகாகப் பதில் சொல்கிறவர் அவளுடைய கணவர் குவால்தியேரோ. பிரேஷியாவில் குளியலறைக் குழாய்கள் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். எல்லாரும் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெறுமனே இடம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது அவருக்குப் போதாது. பாறைக்குப் பின்னால் நிழலில் பனி எப்படி நீலமாக இருந்தது, எந்த இடத்தில் உடம்பை எப்படிச் சாய்த்தார் என்று கையை வளைத்துக் காட்டுவார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். பக்கத்தில் ஃபுல்வியா ஆலிவ் காயைக் கடித்துக்கொண்டு, 'புளுகு மூட்டையே, இன்னும் கொஞ்சம் அவிழ்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குச் சறுக்கத் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. பெல்லூனோவில் ஒரு பள்ளி வாத்தியாரின் மகள் அவள். கல்லூரி நாட்களில் மாகாணப் போட்டிகளில் இறங்கியிருக்கிறாள், கோப்பையும் வாங்கியிருக்கிறாள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் குவால்தியேரோ அவளை இங்கே கூட்டிவந்தார். குழந்தைகள் பழகுகிற மேட்டில் நின்றவர், நின்ற இடத்திலேயே மல்லாந்து விழுந்தார். ஒரு சின்னப் பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அவர் ஃபுல்வியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இறங்காத. நீ இறங்கினா என்னை ஒப்பிட்டுப் பாப்பாங்க. என்கூட உக்காந்துக்கோ," என்றார். கண் கலங்கியிருந்தது. அவளும் சரி என்றாள். அன்றைக்கு அது காதல். பிற்பாடு காதல் தேய்ந்து, சரி என்று சொன்னது மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் இளக்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளதைச் சொன்னால், அந்த இளக்காரம் இல்லாமல் அவளால் ஒரு குளிர்காலத்தையும் தள்ளியிருக்க முடியாது. மரத்தளத்தில் இருப்பவர்களில் தனக்கு மட்டும்தான் தெரியும், தான் மட்டும்தான் நடிக்கவில்லை என்ற நினைப்பு அவளுக்குச் சாப்பாட்டில் உப்பு மாதிரி.

அந்த வருடம் மரத்தளத்துக்கு ஒரு புது ஆள் வந்திருந்தான். கோன்தெஸ்ஸா ஓர்செத்தாவின் புது மருமகன், ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஹென்னிங். பிரபுக்களின் பட்டங்களை அரசாங்கம் ஒழித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் வால்செரேனாவுக்கு வந்து சேரவில்லை. அதனால் ஓர்செத்தா இன்றைக்கும் சீமாட்டி, கோன்தெஸ்ஸாதான், மரத்தளத்தின் நடு மேஜை அவளுடையதுதான். ஹென்னிங் நல்ல பையன். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பினான். முதல் நாள் மாலை பாரில் குவால்தியேரோ கையை வளைத்து வளைத்துச் சொன்னதைக் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் இறங்கினேன் என்று சொன்னால் இறங்கியிருக்கிறான் என்றே அவன் ஊரில் பொருள் போலிருக்கிறது.

மறுநாள் மதியம், களி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று கிளம்பியது. முதலில் மேஜைத்துணி படபடத்தது, பிறகு ஒரு காலி நாற்காலி கவிழ்ந்தது. விடுதிக்காரர் உள்ளேயிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரோப் கார நிறுத்திட்டாங்க. காத்து குறையிற வரைக்கும் ஓடாது. இருட்டறதுக்கு முன்னாடி பனி வண்டி அனுப்புறதா சொல்றாங்க. சறுக்கத் தெரிஞ்சவங்க சறுக்கிட்டே போயிடலாம். ஆனா பாறைக்கு மேல காலையிலேர்ந்து கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு, பாத்துப் போங்க."

தலையிலிருந்து கால்வரை பனிச்சறுக்கு உடுப்பு போட்ட பத்திருபது பேர், சறுக்கத் தெரிந்தவர்கள் யாராக இருக்கும் என்று யோசிப்பவர்கள் மாதிரி மலையைப் பார்த்தார்கள்.

மிலானோ பல் டாக்டர் ருஜேரோ முந்திக்கொண்டார். "சே! என் முழங்கால் மட்டும் சரியா இருந்திருந்தா இந்நேரம் நான் கீழ இருப்பேன்." கையை முழங்காலின் மேல் வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை.

"எனக்கு முதுகு," என்றார் அடுத்த நாற்காலி வக்கீல்.

"எனக்கு இந்த உயரத்துல காத்து காதுக்குள்ள போயிடும்," என்றாள் கோன்தெஸ்ஸா. அவள் சொன்னதும் விஷயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அவரவர் கையில் கிடைத்த உறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஹென்னிங் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றான்.

"இன்ஜினியர் இருக்காரே! அப்புறம் என்ன? வாங்க இன்ஜினியர், நாம ரெண்டு பேரும் இறங்குவோம். நேத்து சொன்னீங்களே, அந்த இடப்பக்கம், நீலப் பனி. அதை எனக்குக் காட்டுங்க."

குவால்தியேரோ வாயைத் திறந்தார். அவர் கண் டாக்டரின் முழங்காலுக்குப் போனது, பிறகு வக்கீலின் முதுகுக்கு. எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரே மேஜையில் இரண்டு முழங்கால் வலிக்க முடியாது. முதுகும் காதும் கூட மிச்சமில்லை. தவிர நேற்று மாலைதான் அத்தனை பேர் முன்னால் உடம்பை வளைத்துக் காட்டியிருக்கிறார். கோன்தெஸ்ஸா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன," என்றார் குவால்தியேரோ. "போவோம்."

ஃபுல்வியாவுக்கு முதலில் உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருந்தது. போகட்டும் என்று நினைத்தாள். முப்பது வருடப் புளுகும் இன்றைக்கு ஒரே சரிவில் உருண்டு போகட்டும். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவர் பூட்ஸின் கொக்கிகளைப் பூட்டக் குனிந்தார். அறுபத்தாறு வயது, தொப்பை இடித்தது. ஒரு கொக்கி மாட்டவில்லை. மறுபடி முயன்றார். பனிக்குப் போய்ப் பலகையில் காலை வைத்தார். குதிகாலை அழுத்தவேண்டும் என்பதே தெரியாமல் முன்காலால் தட்டிக்கொண்டு நின்றார். ஹென்னிங் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். குவால்தியேரோவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஃபுல்வியா கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். இந்த மனிதன் போய்விடுவான். விளிம்பைத் தாண்டியதும் அந்தக் கண்ணாடிப் பனியில் நிற்காமல் போய்ப் பாறையில் மோதுவான். அது தெரிந்தேதான் போகிறான். போக மாட்டேன் என்று சொல்வதைவிட அது அவனுக்குச் சுலபம்.

"குவால்தியேரோ, வந்து உக்காரு," என்றாள் அவள். குரல் தளம் முழுவதும் கேட்டது. "ஹென்னிங், இவருக்குச் சறுக்கத் தெரியாது. எந்தக் காலத்துலயும் தெரிஞ்சதில்ல."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.

"தெரியாதா?" என்றான் ஹென்னிங். "நேத்து இறங்கினேன்னு சொன்னாரே?"

டாக்டர் ருஜேரோ உள்ளே திரும்பி, "ஆப்பிள் ஸ்ட்ரூடல் இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

கோன்தெஸ்ஸா மட்டும் இரக்கத்தோடு ஃபுல்வியாவைப் பார்த்தாள். "உயரமான இடம். சிலருக்குத் தலை சுத்தும். யாராவது இவங்களுக்குக் கொஞ்சம் சூடா சூப் கொண்டு வாங்களேன்."

"எனக்கு ஒண்ணும் தலை சுத்தல, கோன்தெஸ்ஸா. உங்களுக்கும்தான் தெரியாது. இங்க உக்காந்திருக்குற ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பாறையோட பின்பக்கத்தை உங்கள்ல யாராவது ஒருத்தர் பாத்திருக்கீங்களா? சொல்லுங்க, பாப்போம்!"

சூப் வந்தது. கோன்தெஸ்ஸா அதை அவள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தைக்கு வைக்கிற மாதிரி.

குவால்தியேரோ திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "என்னைப் போக விட்டிருக்கலாம்," என்றார்.

"செத்திருப்ப."

"செத்தா செத்துட்டுப் போறேன். நாளைக்கு இவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபுல்வியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி இல்லை, கோபம்கூட இல்லை, இந்தப் பொம்மைகள் முன்னால் முகம் போய்விட்டதே என்ற துக்கம்தான். இவருக்காகவா இத்தனை வருடம் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! அவள் எழுந்தாள்.

"உன் முகத்தை நீயே பாத்துக்கோ. ஹென்னிங், வா. நான் இறங்குறேன்."

அவளுக்கும் பலகைகள் இருந்தன. உடுப்பின் நிறத்துக்குப் பொருத்தமாகக் குவால்தியேரோ வாங்கிக் கொடுப்பார், நிறம் மாறினால் பலகையும் மாறும். அவள் அவற்றைப் படக் படக்கென்று காலில் மாட்டினாள். தளத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அது அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. திரும்பிப் பார்க்காமல் விளிம்பைத் தாண்டினாள்.

முதல் திருப்பம் தானாக வந்தது. உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. முழங்கால் மடிந்தது, தோள் பள்ளத்தாக்கைப் பார்த்தது, பனி கரகரத்து வழிவிட்டது. அடுத்ததும் அப்படியே. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. மேலே பத்திருபது கண்கள் தன் முதுகில் இருப்பதை நினைத்தாள். பார்த்துக்கொள்ளுங்கள், வேஷக்காரர்களே, இதற்குப் பெயர்தான் சறுக்குவது என்று நினைத்தாள். அதை நினைத்த மாத்திரத்தில் கண்ணாடிப் பனி வந்துவிட்டது. அவள் பழகியது நீளமான பழைய காலத்துப் பலகைகளில். இந்தக் குட்டையான புதுப் பலகைகள் அவள் எண்ணியதற்கு முன்பே திரும்பின. ஒன்றன் மேல் ஒன்று ஏறியது. வானம் கீழே போனது. முகம் பனியில் உரச, கால் எங்கோ முறுக்கிக்கொள்ள, நெடுந்தூரம் வழுக்கிப்போய் சரிவின் ஓரத்துத் தடுப்பு வலையில் மீன் மாதிரி சிக்கி நின்றாள்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மலைவிடுதி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரத்தளத்தில் வரிசையாக நிற்கும் தலைகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லலாம். கீழே பார்த்தாள். பாதிரியார் பாறை எங்கோ தொலைவில், காலையில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே இருந்தது. வலது முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. வால்செரேனாவிலேயே நிஜமாக வலித்த முழங்கால் அன்றைக்கு அது ஒன்றுதான்.

பனி வண்டி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. ஃபுல்வியாவை நடுவில் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். கோன்தெஸ்ஸா தன் ரோமக் கோட்டைக் கழற்றி அவள் மடியில் போர்த்தினாள். டாக்டர் ருஜேரோ குனிந்து, "முழங்காலா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. நம்ம ஆளாச்சே என்ற பாசம் இருந்தது. அதைவிட அவர் சிரித்திருக்கலாம் என்று ஃபுல்வியா நினைத்தாள். குவால்தியேரோ எதிரில் உட்கார்ந்து தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழி நெடுக யாரும் அவரோடு பேசவில்லை.

மறுநாள் மாலை காலில் கட்டோடு, ஊன்றுகோலோடு அவள் பாருக்கு இறங்கினாள். அறையிலேயே கிடக்கலாம் என்றுதான் இருந்தாள். ஆனால், ஒளிந்துகொண்டாள் என்று இந்தக் கூட்டம் சொல்லிவிடக் கூடாது. கேட்டால் சொல்லப் போகிறாள்: விழுந்தேன், பாறை வரைக்கும்கூடப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். விழுந்ததை விழுந்தேன் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது மட்டுமாவது மிஞ்சும்.

பாரில் வழக்கமான கூட்டம். ஆண்கள் ஒருவரையொருவர் இடமா வலமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குவால்தியேரோ ஒரு மூலையில் ஸ்ப்ரிட்ஸ் மதுக் கோப்பையோடு நின்றார். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் இருக்கிற பக்கம் வந்ததும் பார்வைகள் மேஜை விளக்குக்குத் தாவிப் போயின. ஒரே நாளில் மனிதர் பாதியாகியிருந்தார், சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஃபுல்வியாவுக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கோன்தெஸ்ஸா அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். இரு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நேத்து நீங்க யாரும் பாக்கலியே! அந்தக் காத்துல, அந்தப் பனியில, என்ன ஒரு இறக்கம்! இன்ஜினியர் பலகையை மாட்டிட்டு நிக்கிறார். இவளுக்கு மனசு கேக்கல. புருஷனுக்கு ஏதாவது ஆயிடப் போகுதுன்னு, அவருக்குச் சறுக்கவே தெரியாதுன்னு ஒரு போடு போட்டா பாருங்க! நாங்க எல்லாம் அசந்துட்டோம். அவரை உக்கார வெச்சுட்டு, இவ இறங்கிட்டா. பொண்டாட்டின்னா இவ பொண்டாட்டி!"

"பாறை வரைக்கும் என்ன வேகம்!" என்றார் டாக்டர் ருஜேரோ. "நான் இங்க யார்கிட்டயும் அப்படிப் பாத்ததில்ல. முழங்கால் எல்லாருக்கும் போறதுதான்."

ஃபுல்வியா ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ஒரே உண்மையைத் துவைத்து, மடித்து, பொய்யாக்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். இவர்களை முட்டாள்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாளே, முட்டாள்கள் இல்லை. அவள் ஹென்னிங்கைத் தேடினாள். அவன் கிட்டத்தில் நின்றவன், எல்லாவற்றையும் பார்த்தவன், வலையிலிருந்து அவளைப் பிரித்தெடுத்தவன். உள்ளதை உள்ளபடி சொல்கிற பையன். அவன் வாயைத் திறந்தால் போதும்.

ஹென்னிங் அவளைப் பார்த்தான். பிறகு மாமியாரைப் பார்த்தான். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் முன்னாடி போயிட்டேனா, அதனால பின்னால சரியா பாக்கல," என்றான் நிதானமாக. "பாறைகிட்ட நீங்க எந்தப் பக்கம் போனீங்க, சிஞோரா? இடமா, வலமா?"

மூன்றே நாளில் கற்றுக்கொண்டுவிட்டான். மூலையில் குவால்தியேரோ கோப்பையை உதட்டருகே வைத்தபடி அப்படியே நின்றார். அவர் கண் அவள் மேல் இருந்தது. அன்றைக்குக் குழந்தைகள் மேட்டில் மல்லாந்து கிடந்தபோது பார்த்த அதே பார்வை. விழுந்தேன் என்ற சொல் ஃபுல்வியாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் கோன்தெஸ்ஸா கட்டிய கதை முழுதும் உடைந்துவிடும்; அவள் தப்பித்தாள், அவர் செத்தார். இது அவருக்காக என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாவம், வயதானவர்.

"இடம்தான்," என்றாள்.

கோன்தெஸ்ஸா தலையை ஆட்டினாள். குவால்தியேரோ ஒரே மடக்கில் கோப்பையைக் காலி செய்தார். யாரோ அவர் தோளைத் தட்டி, "நீங்க எப்படி இன்ஜினியர், நாளைக்கு இறங்குறீங்களா?" என்றார்கள். யாரோ ஃபுல்வியாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இன்னொருவர் கட்டுப் போட்ட காலுக்கு மெத்தை வைத்தார். பேச்சு அங்கே முடிந்துவிட்டது. அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆனாலும் ஃபுல்வியாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் மெதுவாக வளைந்தது.

"பாறைக்குப் பின்னால நிழல் விழுதுல்ல," என்றாள், "அங்க பனி கொஞ்சம் நீலமா இருந்துச்சு."